பாரடைஸ் மீனுடன் எந்த மீனை விடலாம்?

கேள்வி: 11 ஜூன் 2023

என்னிடம் இரண்டடி நீளத் தொட்டி ஒன்று இருக்கிறது. ஆறு கப்பி, இரண்டு மோலி, ஒரு குள்ளக் கௌராமி ஆகியவை ஓராண்டாக அதில் நலமாக வாழ்கின்றன. நேற்று கொளத்தூரில் ஒரு கடையில் ஆண் பாரடைஸ் மீனைப் பார்த்தேன். நீலமும் சிவப்புமாக மாறிமாறி வரிகள், நுனி நீண்டு பிரிந்த வால். பார்த்த கண்ணை எடுக்க முடியவில்லை. எல்லா மீனோடும் ஒத்துப்போகும் என்று கடைக்காரர் சொல்கிறார். வாங்கி இதே தொட்டியில் விடலாமா?

12 ஜூன் 2023

விட வேண்டாம். மீன் அழகானது, உறுதியானது, வளர்க்கத் தகுந்தது. ஆனால் நீங்கள் வைத்திருக்கும் கூட்டத்தில் அதைச் சேர்த்தால் கப்பிகளும் கௌராமியும் துன்பப்படும். 2016 ஆம் ஆண்டில், உங்களுடையதைப் போன்ற இரண்டடித் தொட்டியில், ஐந்து கப்பிகளும் ஒரு குள்ளக் கௌராமியும் இருந்த இடத்தில் நான் ஓர் ஆண் பாரடைஸை விட்டேன். முதல் இரண்டு நாள் அது ஃபில்டருக்குப் பின்னால் நிறம் வெளுத்துப் போய் நின்றது. சாதுவான மீன் என்று வீட்டில் அனைவரிடமும் சொன்னேன். மூன்றாம் நாள் அதன் வரிகள் முழு நிறத்துக்கு வந்தன. நான்காம் நாள் காலையில் ஒரு கப்பியின் வால் பாதிதான் இருந்தது. மறுநாள் அந்தக் கப்பியே இல்லை.

கௌராமிக்கு நேர்ந்தது அதைவிடக் கொடியது, அதை நான் தாமதமாகவே புரிந்துகொண்டேன். பாரடைஸ், கௌராமி, ஃபைட்டர் ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தலைக்குள் இருக்கும் லேபிரிந்த் உறுப்பின் உதவியால் இவை நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை நேரடியாக உறிஞ்சுகின்றன. வளர்ந்த கௌராமிக்கு இந்தக் காற்று கட்டாயத் தேவை. பாரடைஸ் ஆண் நீரின் மேல்பரப்பைத் தன் எல்லையாக எடுத்துக்கொண்டு, கௌராமி மேலே வரும் ஒவ்வொரு முறையும் பாய்ந்து விரட்டியது. உடலில் பெரிய காயம் எதுவும் இல்லாமலே அந்தக் கௌராமி மூலையில் சோர்ந்து கிடந்து இறந்தது. காயம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஏன் இறந்தது என்று தெரிந்திருக்காது. எனக்கும் அன்று தெரியவில்லை.

12 ஜூன் 2023, இரவு

காலையில் எழுதாமல் விட்ட ஒன்று. இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடித் தொட்டியில் விளிம்பு வரை நிரப்பினாலும் ஏறத்தாழ 55 லிட்டர்தான் பிடிக்கும்; மணலும் கல்லும் போக 45 லிட்டர் நீர் இருக்கும். தனியாக ஒரு பாரடைஸ் வாழ அது போதும். துணையோடு வாழ வேண்டுமானால் மூன்றடிக்குக் குறைந்த தொட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூடியும் கட்டாயம் வேண்டும். இந்த மீன் நன்றாகத் துள்ளும். மூடிக்கும் நீருக்கும் இடையே மூன்று விரல் இடைவெளி விடுங்கள், அங்கே காற்று ஈரமாகவும் நீரின் சூட்டிலேயும் இருக்கும்.

19 ஜூன் 2023

வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மீனைப் பார்த்துவிட்டுக் கை வீசித் திரும்புவது கடினம் என்பதை நான் அறிவேன், ஆகவே கடிந்துகொள்ளப் போவதில்லை. இப்போது செய்ய வேண்டியவை மட்டும்.

இன்றே கௌராமியைப் பிரித்துவிடுங்கள். கப்பிகளை வேறு தொட்டிக்கு மாற்ற வாய்ப்பிருந்தால் அவற்றையும் மாற்றுங்கள். இல்லையென்றால் பாரடைஸைத் தனியாக எடுத்து, இருபது இருபத்தைந்து லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டியில் ஸ்பாஞ்ச் ஃபில்டருடன் சில வாரம் வையுங்கள். புதிய மீனைத் தனிமையில் வைத்துப் பார்ப்பது எப்படியும் தேவையான ஒன்றே. குழாய்த் தண்ணீரானால் குளோரின் நீக்கி சேருங்கள். தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும், ஆனால் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்திருந்தால் அது போகாது.

'இரண்டு நாளாக எதையும் துரத்தவில்லை, அமைதியாகத்தான் இருக்கிறது' என்கிறீர்கள். நிறம் எப்படி இருக்கிறது என்று தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள். வரிகள் மங்கி, துடுப்புகள் உடலோடு ஒட்டியிருந்தால் அது அமைதி அன்று, அச்சம். இடம் பழகிய பிறகுதான் அதன் இயல்பு தெரியும்.

2 ஜூலை 2023

ஏன் இவ்வளவு சண்டைக்குணம் என்று கேட்டிருந்தீர்கள். அதன் சொந்த ஊரை வைத்துப் பார்த்தால் ஓரளவு விளங்கும். சீனாவில் யாங்சி ஆற்றுப் படுகையிலிருந்து தெற்கே, தைவான், ஹைனான், வியட்நாமின் வடபகுதி வரை இது பரவியிருக்கிறது. வாழிடம் நெல்வயல், வாய்க்கால், குளத்தின் ஆழமில்லாத ஓரம் போன்ற இடங்கள். நீர் தேங்கியும் செடி அடர்ந்தும் இருக்கும், ஆக்சிஜன் குறைவு. அங்கே ஆண் மீன் இலைக்கடியில் எச்சில் குமிழிகளால் கூடு கட்டி, முட்டைகளையும் குஞ்சுகளையும் தனியாகக் காக்கிறது. அருகே வரும் எந்த மீனும் அதன் கண்ணுக்கு முட்டைத் திருடன்தான். வயலில் விரட்டப்பட்ட மீன் இரண்டு முழம் தள்ளிப்போய்ச் செடிக்குள் மறைந்தால் சண்டை முடிந்துவிடும். கண்ணாடித் தொட்டியில் தள்ளிப்போக இடமில்லை, ஆகவே முடிய வேண்டிய சண்டை முடியாமல் நீள்கிறது. கோபம் ஊரில் இருந்த அளவுதான், இடம்தான் சுருங்கிவிட்டது.

உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1758 இல் இதற்கு வைத்த 'ஓபர்குலாரிஸ்' என்ற பெயர் செவுள் மூடியைக் குறிப்பது. உங்கள் மீனின் செவுள் மூடியில் ஒரு கரும்புள்ளி இருக்கும், பாருங்கள். எதிரியைக் கண்டால் அது செவுளை விரித்து நிற்பதும் இந்தப் புள்ளியோடு சேர்த்துத்தான்.

1869 இல் இது பாரிஸுக்குச் சென்றது. அங்கே பியேர் கார்பொன்னியே என்பவர் தொட்டியில் இனப்பெருக்கம் செய்வித்தார். பொன்மீனுக்கு அடுத்து ஐரோப்பிய வீடுகளுக்குள் வந்த முதல் அலங்கார மீன்களில் இது ஒன்று. வெந்நீர்க் கருவி, காற்றுக் குழாய் எதுவும் இல்லாத காலத்தில் ஒரு மீன் வீட்டுத் தொட்டியில் நிலைத்ததற்குக் குளிரைத் தாங்கும் உடலும் காற்றைச் சுவாசிக்கும் திறனும் முதன்மையான காரணங்கள். இன்று தொட்டிக்கு ஆகாத மீன் என்று ஒதுக்கப்படுகிற இதுவே தொட்டி மீன் வளர்ப்பின் தொடக்கத்தில் நின்றது என்பதை நினைக்கும்போது எனக்கு இதன்மேல் மரியாதை கூடுகிறது.

23 ஜூலை 2023

மூன்றடித் தொட்டி வாங்கியது நல்ல முடிவு. இனி துணை யார் என்ற கேள்விக்கு வரலாம்.

கூடாதவற்றை விரைவாகச் சொல்லி முடிக்கிறேன். மற்றோர் ஆண் பாரடைஸ், ஃபைட்டர், கௌராமி வகைகள், நீண்ட துடுப்புள்ள ஏஞ்சல், கப்பி ஆகியவை கூடா. நியான் டெட்ரா போன்று வாய்க்குள் அடங்கும் சிறு மீன்களும் செர்ரி இறாலும் இரையாகிவிடும். டைகர் பார்ப்பை விட்டால் நிலைமை தலைகீழாகும். அவை கூட்டமாகச் சேர்ந்து பாரடைஸின் வால் நுனியைக் கடித்துவிடும். பொன்மீனும் குளிர்நீர் மீன் என்பதால் பலர் இரண்டையும் சேர்க்கிறார்கள். உருண்டை உடல் பொன்மீன் மெதுவாக நீந்துவதால் அடி வாங்கிக்கொண்டே இருக்கும்.

தகுந்த துணைக்கு நான் பார்ப்பவை மூன்று. பாரடைஸின் நீளத்தில் பாதிக்குக் குறையாத உடல், விரைந்து விலகும் வேகம், குட்டையான துடுப்பு. இந்த மூன்றும் அமைந்த மீனாக மலபார் டேனியோவைச் சொல்வேன். நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் இலங்கையிலும் வாழும் மீன், அம்பு போல நீந்தும். ஆறு வாங்கி விடுங்கள். அடுத்து ரோசி பார்ப், அதுவும் ஆறாக. அடிமட்டத்துக்குக் கெளுத்தி வகைகளான கோரிடோராஸ் அல்லது பிரிசில்நோஸ்.

வரிசை முக்கியம். துணை மீன்களை முதலில் விட்டு மூன்று நான்கு வாரம் பழக்கிய பிறகே பாரடைஸை இறுதியாக விடுங்கள். முதலில் வந்தது இடத்துக்குச் சொந்தம் கொண்டாடும்.

9 ஆகஸ்ட் 2023

சென்ற மாதம் எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். மலபார் டேனியோவைப் பற்றி நான் எழுதியதன் ஒரு பாதி தவறு.

நான் எழுதிய அதே வாரத்தில் என் தொட்டியிலும் ஆறு டேனியோக்களை விட்டேன். பாரடைஸால் அவற்றுக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் பத்து நாள் கழித்துப் பாரடைஸின் வயிறு ஒட்டியிருந்தது. உணவு போடும்போது கூர்ந்து பார்த்தேன். பாரடைஸ் எதையும் பாய்ந்து தின்னாது. ஒரு துகளின் அருகே வந்து, நின்று, கண்ணைத் திருப்பி ஆராய்ந்து, பிறகுதான் வாயைத் திறக்கும். அது ஆராய்ந்து முடிப்பதற்குள் டேனியோக்கள் நீர்ப்பரப்பையே துடைத்துவிடுகின்றன. போதாததற்கு இரண்டும் ஒரே மேல்மட்டத்தில் வாழ்பவை. நாள் முழுதும் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கூட்டத்தின் கீழே ஆண் பாரடைஸ் கூடு கட்டவும் இல்லை, வண்ணம் காட்டவும் இல்லை.

துணை மீன் பாரடைஸிடமிருந்து தப்புமா என்று மட்டும் இத்தனை ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாரடைஸுக்கு அந்தத் துணை நன்மையா என்று ஒருமுறையும் கேட்கவில்லை. நீங்கள் என் சொல்லைக் கேட்டு வாங்கியிருந்தால் வருந்துகிறேன். டேனியோக்களுக்கு ஒரு கோடியில் துகள் உணவைப் போட்டுவிட்டு, மறு கோடியில் பாரடைஸுக்கு உறைந்த ரத்தப்புழுவை இடுக்கியால் கொடுங்கள். என் மீன் அப்படித்தான் சில நாளில் தேறியது. பிறகு டேனியோக்களை நான்கடித் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்துவிட்டேன்.

10 ஆகஸ்ட் 2023

நீங்கள் டேனியோ வாங்கவில்லை என்று அறிந்து நிம்மதி அடைந்தேன்.

27 ஆகஸ்ட் 2023

நத்தை பற்றி: செடியோடு ஒட்டி வரும் சிறு நத்தைகளைப் பாரடைஸ் தின்றுவிடும், அது நமக்கு உதவியே. தொட்டியில் தொல்லை தரும் சிறு உயிரிகளான ஹைட்ரா, பிளனேரியா ஆகியவற்றையும் கொசுப்புழுவையும் விடாது. ஆனால் பெரிய ஆப்பிள் நத்தையைத் துணையாக விடாதீர்கள். அதன் உணர்கொம்பு நெளிவதைப் புழு என்று எண்ணிக் கடித்துக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் முழுதும் ஓட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த நத்தையை நான் பார்த்திருக்கிறேன்.

15 அக்டோபர் 2023

கோரிடோராஸ் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் விலை கூடுதல் என்று எழுதியிருந்தீர்கள். நான் மதுரைக்காரன், எனக்கு இந்த விடை முன்பே தோன்றியிருக்க வேண்டும். அயிரை.

எங்கள் ஊர்ச் சந்தையில் அயிரையை உயிரோடுதான் விற்பார்கள். குழம்புக்கு வாங்கியதிலிருந்து எட்டு மீன்களைத் தனியாக எடுத்து வளர்த்தேன். விரல் நீளம், மெல்லிய உடல், மீசை. பகலில் மணலுக்குள் புதைந்து கண் மட்டும் வெளியே தெரியும்படி கிடக்கும், அந்தி சாய்ந்தால் மணலைச் சலித்துக்கொண்டே தொட்டி முழுதும் உலவும். பாரடைஸ் மேலும் நடுவிலும் வாழ்கிறது, அயிரை தரையோடு தரையாக. எல்லைத் தகராறுக்கு இடமே இல்லை. பாரடைஸ் சிந்தும் உணவும் வீணாவதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். தொட்டியின் அடியில் மாவு போன்ற மெல்லிய மணல் இருக்க வேண்டும். கூரிய சரளைக்கல்லில் புதைய முயன்று அயிரை வயிற்றைக் கிழித்துக்கொள்ளும். அடுத்து, சந்தை மீன் கூடையில் நெருக்குண்டு வந்தது. நான் எடுத்த எட்டில் மூன்று முதல் வாரத்திலேயே இறந்தன. எஞ்சிய ஐந்தை நான்கு வாரம் தனியே வைத்துத் தேறிய பிறகே பெரிய தொட்டியில் விட்டேன். அந்த நான்கு வாரத்தைச் சுருக்காதீர்கள்.

இரவில் அயிரை திடீரென மேலே எழும்பி ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு மணலுக்குத் திரும்பும். அப்போது பாரடைஸ் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கும், ஆனால் துரத்துவதற்குள் அயிரை கீழே போய்விடும். முதல் வாரம் இதை நினைத்துத் தூக்கம் கெட்டு விளக்கோடு அமர்ந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

16 அக்டோபர் 2023

நேற்று எழுதியதை இன்று படித்தபோது ஒரு குறை தெரிகிறது. எட்டில் மூன்று இறந்ததை ஒரு வரியில் கடந்துவிட்டேன். சந்தை அயிரைதான் ஒரே வழி என்று எண்ண வேண்டாம்; வாய்க்காலில் பிடிப்பவர் தெரிந்தவராக இருந்தால், நெருக்கடி படாத மீனை நேரே பெறுவது எவ்வளவோ மேல்.

3 டிசம்பர் 2023

பெண் மீன் சேர்ப்பது பற்றி. பெண் சற்றுச் சிறியது, துடுப்பு நுனி நீளாது, நிறம் மங்கல். ஒரே ஆணும் ஒரே பெண்ணும் என்றால் ஆணின் முழுக் கவனமும் அந்த ஒரு பெண்ணின்மேல் விழும். ஓர் ஆணோடு இரண்டு மூன்று பெண்கள் இருந்தால் விரட்டல் பங்கிட்டுப் போகும். அதற்கும் செடி அடர்ந்த மூலைகள் குறைந்தது இரண்டு வேண்டும். ஒரு மூலையில் நிற்கும் மீன் மறு மூலையைக் காண முடியாதபடி வேர்க்கட்டையை நடுவில் வையுங்கள். செடியின் அளவைவிடப் பார்வை மறைவதுதான் முக்கியம்.

முட்டை இடும் வேளையில் பெண் ஏறக்குறைய வெள்ளையாகிவிடும், ஆண் கறுத்து மின்னும். கூட்டுக்கடியில் ஆண் உடலை வளைத்துப் பெண்ணைத் தழுவும். முட்டைகள் எண்ணெய்த்தன்மை உடையவை; தாமாகவே மிதந்து மேலே செல்லும், தவறியவற்றை ஆண் வாயால் எடுத்துக் கூட்டில் வைக்கும். ஒன்று இரண்டு நாளில் பொரித்துவிடும். இந்த நாட்களில் துணை மீன் என்ற பேச்சுக்கே இடமில்லை. பெண்ணையும் முட்டையிட்டவுடன் வெளியே எடுத்துவிட வேண்டும். நான் ஒரு முறை வேலை முடித்து மாலையில் எடுக்கலாம் என்று விட்டுச் சென்றேன். திரும்பி வந்தபோது பெண்ணின் பக்கவாட்டுச் செதில்கள் உரிந்திருந்தன. பிழைத்துவிட்டது, ஆனால் அந்தத் தழும்பு போகவேயில்லை.

14 ஜனவரி 2024

உங்கள் ரோசி பார்ப்கள் ஆறையும் பாரடைஸ் வம்பு செய்யாமல் ஒரு மாதம் கடந்தது என்ற செய்தி மகிழ்ச்சி தந்தது. மூன்றாம் நாள் ஒன்றைத் துரத்தத் தொடங்கியபோது நீங்கள் பாரடைஸைப் பிடித்து வைத்துவிட்டு, கட்டையையும் செடிகளையும் இடம் மாற்றி, மறுநாள் விட்டது மிகச் சரி. இந்த மீனுக்கு நினைவாற்றல் உண்டு. ஹங்கேரியின் விலங்கு நடத்தையியல் அறிஞர் வில்மோஷ் சானி பாரடைஸ் மீனின் கற்றலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். எதிரியை எப்படி அடையாளம் கண்டு விலகக் கற்கிறது என்பது அவருடைய கேள்விகளில் ஒன்று. கற்றுக்கொள்ளும் மீன் தன் மூலையையும் கற்றுவைத்திருக்கும். மூலையை மாற்றினால் எல்லைக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டியிருக்கிறது.

18 ஏப்ரல் 2024

வெயில் குறித்து முன்பே எழுதாதது என் பிழை. ரோசி பார்ப் வட இந்தியாவின் குளிர்ந்த ஓடைகளையும் அறிந்த மீன். 18 முதல் 24 டிகிரி வரை அதற்கு உகந்தது. பாரடைஸுக்கு 16 முதல் 26. மதுரையில் இன்று பிற்பகல் என் தொட்டி நீர் 32 டிகிரி. நீர் சூடேறினால் அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. பாரடைஸ் மேலே வந்து காற்றைக் குடித்துச் சமாளித்துவிடும், பார்ப்களால் அது முடியாது. சென்ற வாரம் என்னிடமிருந்த ஐந்தில் இரண்டு இறந்தன. பாரடைஸ் நலமாக இருந்ததால் தொட்டியே நலம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

இன்றே மூடியைச் சற்றுத் திறந்து, இடைவெளியில் கொசுவலைத் துணி கட்டி, சிறு மின்விசிறியின் காற்று நீர்ப்பரப்பில் படும்படி வையுங்கள். நீர் ஆவியாவதால் இரண்டு மூன்று டிகிரி குறையும். குறைந்த நீரைத் தினமும் ஈடுசெய்யுங்கள். ஏர் பம்பை நிறுத்தாதீர்கள். பனிக்கட்டி போட வேண்டாம், வெப்பம் சட்டென்று மாறுவது சூட்டைவிடக் கெடுதல்.

சென்னை, மதுரை போன்ற ஊர்களுக்கு ரோசி பார்ப்பை இனி நான் பரிந்துரைக்க மாட்டேன். குன்னூர், கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு அது இன்றும் முதல் தேர்வு.

9 ஜூன் 2024

'சாதுவான பாரடைஸ் மீனே கிடையாதா' என்ற உங்கள் தங்கையின் கேள்விக்கு: உண்டு, நம் ஊரிலேயே உண்டு. வால் நடுவில் கூராக நீண்ட ஒரு சிறு மீன் தமிழகம், கேரளம், இலங்கை ஆகிய இடங்களின் வயல் வாய்க்கால்களில் வாழ்கிறது. பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே 1831 இல் அதை விவரித்தபோது புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆற்று மீனைக் கொண்டு விவரித்தார். 'குபானஸ்' என்ற அறிவியல் பெயரில் அந்த ஆற்றின் பெயரே ஒளிந்திருக்கிறது. இதுவும் குமிழிக்கூடு கட்டும், காற்றைக் குடிக்கும், நம் வெயிலைத் தாங்கும். இரண்டரை அங்குலத்துக்கு மேல் வளராது. நிறம் பழுப்புதான், ஆனால் கூடு காக்கும் நாட்களில் துடுப்போரம் நீலமாகவும் கண் சிவப்பாகவும் ஒளிரும். உங்கள் தங்கையின் இரண்டடித் தொட்டிக்கு இதுவே போதும். உங்கள் பாரடைஸோடு மட்டும் சேர்க்க வேண்டாம்.

30 ஜூன் 2024

உங்கள் மீன் வந்து ஓராண்டு ஆகிவிட்டது. என் தொட்டியில் இப்போது ஓர் ஆண் பாரடைஸ், இரண்டு பெண்கள், ஐந்து அயிரைகள். எஞ்சிய மூன்று பார்ப்களைக் கொடைக்கானலில் இருக்கும் உறவினரிடம் சேர்த்துவிட்டேன். நேற்றிரவு மழை பெய்து நீர் 27 டிகிரிக்கு இறங்கியது. இன்று காலை மிதக்கும் செடிக்கடியில் உள்ளங்கை அகலத்துக்குக் குமிழிக்கூடு. தழும்புள்ள பெண் வெளுக்கத் தொடங்கியிருக்கிறது. அயிரைகளை மணலோடு வாரி மறு தொட்டிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்; நான்கு கிடைத்துவிட்டன, ஐந்தாவது இன்னும் மணலுக்குள் இருக்கிறது.